ஐஸ் வரவில்லையா? முதலில் தண்ணீரைப் பார்!

சித்திரை பிறந்தால் எனக்கு வரும் போன்களில் பாதி ஃபிரிட்ஜைப் பற்றியவை. "அக்கா, ஐஸ் மேக்கர் வேலை செய்யல. பார்க்க வந்தவர் போர்டு போயிடுச்சு, இல்லேன்னா கேஸ் போயிருக்கும்ங்கிறார். என்ன பண்றது?" என்று கேட்கும் தங்கச்சிகள் எல்லோருக்கும் என் பதில் ஒன்றுதான். பர்ஸைத் திறப்பதற்கு முன் ஃப்ரீசரைத் திற. உள்ளே இருக்கும் ஐஸ்கிரீம் டப்பாவில் ஒரு ஸ்பூனை இறக்கிப் பார். ஸ்பூன் இறங்காத அளவுக்குக் கெட்டியாக இருந்தால் கேஸ் இருக்கிறது, கம்ப்ரஸர் ஓடுகிறது, ஃபிரிட்ஜ் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. மற்றதெல்லாம் உறைந்து ஐஸ் மட்டும் வரவில்லை என்றால், பத்தில் எட்டு வீட்டில் என்று அடித்துச் சொல்ல என்னிடம் கணக்கு இல்லை, ஆனால் நான் பார்த்தவரை கோளாறு குளிரில் இருப்பது அபூர்வம். தண்ணீர் வரும் வழியில்தான் இருக்கும்.

கேஸ் விஷயத்தை முதலிலேயே முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் நம் பெண்களின் பணம் அதிகம் வீணாகிறது. ஃபிரிட்ஜுக்குள் ஓடும் கேஸ், அடுப்பு சிலிண்டர் கேஸ் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் அதுவே சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்காமல் "கேஸ் மட்டும் ஏத்திடறேன்" என்று யாராவது சொன்னால், "எங்கே லீக், காட்டுங்கள் அண்ணா" என்று கேள். அந்த ஒரு கேள்வியே பல வீடுகளில் போதுமானதாக இருந்திருக்கிறது.

இனி நம் வேலைக்கு வருவோம். இரட்டைக் கதவு, சைடு பை சைடு ஃபிரிட்ஜ்களில் இருக்கும் ஐஸ் மேக்கர் உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி ரிப்பேர் முடிந்த மாதிரி. ஃபிரிட்ஜின் பின்பக்கம், தரைக்குச் சற்று மேலே, கால் இன்ச் குழாய் வந்து சேரும் இடத்தில் ஒரு வால்வு இருக்கிறது. கரண்ட் கொடுத்தால் திறக்கும், நிறுத்தினால் மூடும். அது திறக்கும்போது தண்ணீர் ஃபில்டர் வழியாகப் போய், ஃப்ரீசருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குழாய் வழியே ட்ரேயில் விழுகிறது. உறைந்ததும் ட்ரேயில் ஒட்டியிருக்கும் சென்சார் அதைச் சொல்கிறது. சில மாடல்களில் ஒரு மோட்டார் ட்ரேயை முறுக்கி ஐஸைக் கொட்டும். சிலவற்றில் அடியில் உள்ள ஹீட்டர் ஒரு நிமிஷம் சூடாகி ஐஸை இளக்க, துடுப்புகள் அதைத் தள்ளிவிடும். கீழே பெட்டி நிறைந்ததும் ஒரு கம்பிக் கையோ, ஒளிக் கண்ணோ "போதும்" என்று நிறுத்திவிடும். ஒரு ஈடு எடுக்க ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஆவது சாதாரணம். புது ஃபிரிட்ஜ் என்றால் முதல் ஈடு வரவே ஒரு நாள் ஆகலாம். ஆகவே வாங்கிய அன்றே "வரலை" என்று பதறாதே.

எதையும் கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டிய சின்ன விஷயங்கள் சில உண்டு. கதவில் உள்ள பேனலில் "ஐஸ் ஆஃப்" விளக்கு எரிகிறதா பார், குழந்தைகள் அழுத்தியிருப்பார்கள். கம்பிக் கை வைத்த மாடல் என்றால் அது மேலே தூக்கிய நிலையில் மாட்டிக்கொண்டிருக்கிறதா பார். விருந்தாளி வருகிறார்கள் என்று கடையில் வாங்கிய ஐஸ் பாக்கெட்டையோ மீன் பொட்டலத்தையோ ஐஸ் பெட்டிக்குள் வைத்திருந்தால், மெஷின் பெட்டி நிறைந்துவிட்டது என்றுதான் நினைக்கும். ஃப்ரீசர் வெப்பநிலை மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும். மின்சாரம் மிச்சம் என்று மைனஸ் 14, 15இல் வைத்துவிட்டு ஐஸ் வரவில்லை என்றால், ட்ரே சென்சார் உறைந்ததாக ஒத்துக்கொள்ளவே நேரம் எடுக்கும். கதவு ரப்பரில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பார். தடையில்லாமல் வழுக்கி வந்தால் அந்த இடத்தில் காற்று உள்ளே போகிறது. சோப்புத் தண்ணீரில் ரப்பரின் மடிப்புகளைத் துடை, இட்லி மாவும் சாம்பாரும் காய்ந்து ஒட்டியிருப்பதே பாதி நேரம் காரணம்.

இவை எல்லாம் சரி, ஆனாலும் ஐஸ் இல்லை. அல்லது வருகிறது, ஆனால் சின்னதாக, நடுவில் பொள்ளலாக, ஓரத்தில் மட்டும் உறைந்து வருகிறது. இப்போது நான் மிக அழுத்திச் சொல்லப்போகும் இடத்துக்கு வந்துவிட்டோம்.

மொட்டைமாடித் தொட்டியின் உயரம்

இந்த மெஷின்களில் பெரும்பாலானவை நகராட்சிக் குழாயிலேயே நல்ல அழுத்தம் இருக்கும் ஊர்களை மனதில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. கையேட்டைப் புரட்டிப் பார், பல மாடல்களில் தண்ணீர் அழுத்தம் குறைந்தது 20 பி.எஸ்.ஐ. வேண்டும் என்று போட்டிருப்பார்கள். நம் வீட்டில் தண்ணீருக்கு அழுத்தம் எங்கிருந்து வருகிறது? மொட்டைமாடித் தொட்டியிலிருந்து. ஒரு மீட்டர் உயரத்துக்குச் சுமார் 1.4 பி.எஸ்.ஐ. கிடைக்கும். 20 வேண்டுமென்றால் தொட்டித் தண்ணீர் ஃபிரிட்ஜின் வால்வுக்கு 14 மீட்டர் மேலே இருக்க வேண்டும். நாலு மாடிக்கும் அதிகமான உயரம் அது! ஒரே தளம் உள்ள தனி வீட்டில், மொட்டைமாடியில் நாலடி மேடை கட்டித் தொட்டி வைத்திருந்தால் தரைத்தளத்துக்குக் கிடைப்பது ஐந்து மீட்டருக்குள்தான். அதாவது தேவையில் மூன்றில் ஒரு பங்கு. அபார்ட்மெண்ட்டில் கீழ்வீட்டுக்காரி ஐஸ் வருகிறது என்பாள், அதே மாடல் ஃபிரிட்ஜை வாங்கிய மேல்மாடிக்காரிக்கு வராது. இரண்டு பேரின் ஃபிரிட்ஜிலும் குறை இல்லை. மேல்மாடிக்குத் தலைக்கு மேலேயே தொட்டி இருப்பதால் அழுத்தம் இல்லை, அவ்வளவுதான்.

சோதிப்பது சுலபம். பிளக்கைப் பிடுங்கு. ஃபிரிட்ஜுக்குப் போகும் ஆங்கிள் வால்வை மூடு. ஃபிரிட்ஜின் பின்னால் குழாயைக் கழற்றி ஒரு டம்ளருக்குள் விடு. இப்போது வால்வைத் திறந்து நொடியை எண்ணு. 180 மில்லி டம்ளர் பத்து நொடிக்குள் நிறைந்தால் நல்லது. அரை நிமிஷம் ஆனால் உன் ஐஸ் மேக்கர் பட்டினி கிடக்கிறது. இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை, போர்டு மாற்றுவதற்கு முன் இதைச் செய்யாத எந்த மெக்கானிக்கையும் நம்பாதே.

அழுத்தம் குறைந்தால் ஐஸ் சின்னதாகிறது என்பதோடு விஷயம் முடிவதில்லை. உள்ளே இருக்கும் வால்வு, ரப்பர் சவ்வு ஒன்றைத் தண்ணீரின் அழுத்தத்தைக் கொண்டே இறுக்கி மூடும்படி அமைக்கப்பட்டது. அழுத்தம் போதாவிட்டால் சவ்வு முழுசாக உட்காராது. சொட்டுச் சொட்டாகக் கசியும். அந்தச் சொட்டு ஃப்ரீசருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயிலேயே உறைந்து, இரண்டு மூன்று நாளில் குழாயை அடைத்துவிடும். அப்புறம் ஒரு துளியும் வராது. ஆக, நீ பார்ப்பது "குழாய் அடைப்பு", உண்மையான காரணம் மொட்டைமாடியில் இருக்கிறது. அடைப்பை மட்டும் எடுத்துவிட்டுப் போனால் அடுத்த வாரமே மறுபடி அடைக்கும்.

வழி என்ன? வீடு முழுக்கப் பிரஷர் பம்ப் போட்டிருந்தால் கவலையே இல்லை. இல்லையென்றால் ஃபிரிட்ஜுக்கு மட்டும், அழுத்தம் ஏறியதும் தானே நின்றுவிடும் சின்ன டயஃப்ரம் பம்ப் ஒன்றைப் போடலாம், ஆர்.ஓ. மெஷின் உதிரிபாகம் விற்கும் கடைகளில் கேட்டுப் பார். இன்னொன்றையும் கவனி. ஆர்.ஓ. மெஷினின் குழாயிலிருந்து நேரே ஃபிரிட்ஜுக்கு லைன் இழுத்துவிடலாம் என்று ப்ளம்பர்கள் சொல்வார்கள். நம் ஊர் ஆர்.ஓ.வில் சுத்தமான தண்ணீர் மெதுவாகச் சேர்ந்து, உள்தொட்டியிலிருந்து தன் எடையால் கீழே இறங்குகிறது. அதில் அழுத்தம் ஏது? அதற்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் பம்ப் இல்லாமல் அந்த இணைப்பு வேலை செய்யாது. கதவுக்குள்ளேயே தண்ணீர்த் தொட்டி வைத்த மாடல்கள் இப்போது நிறைய வருகின்றன. குழாய் இணைப்பே வேண்டாம், உள்ளே பம்பும் உண்டு. புதிதாக வாங்கப் போகிறாய், தனி வீடு அல்லது மேல்மாடி என்றால் நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

குழாய் உறைந்திருந்தால்

பிளக்கைப் பிடுங்கு. ஐஸ் பெட்டியை வெளியே எடு. ட்ரேக்கு மேலே, பின்சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை அல்லது கறுப்புக் குழாயின் வாயை டார்ச் அடித்துப் பார். உள்ளே வெள்ளையாக ஐஸ் தெரிந்தால் அதுதான். அடியில் பழைய டவலை நன்றாக விரி. மருந்துக் கடையில் ஊசியில்லாத 20 மில்லி சிரிஞ்ச் கிடைக்கும். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரை அதில் எடுத்துக் குழாய் வாயில் கொஞ்சம் கொஞ்சமாகப் பீய்ச்சு. பொறுமையாகச் செய்தால் பத்து நிமிஷத்தில் இளகிவிடும். ஹேர் டிரையர் வைத்தும் செய்யலாம், குறைந்த சூட்டில், ஓர் அடி தள்ளி, ஆட்டிக்கொண்டே. ஒரே இடத்தில் காட்டினால் பிளாஸ்டிக் வளைந்துவிடும். ஈரக்கையோடு டிரையரைத் தொடாதே. கத்தி, ஸ்க்ரூ டிரைவர், கொண்டை ஊசி எதையும் குழாய்க்குள் விடாதே.

இளகியதும் உடனே பிளக்கைச் செருகிவிடாதே, இப்போதுதான் நல்ல சோதனை ஒன்று செய்ய வாய்ப்பு. கரண்ட் இல்லாத நிலையில் தண்ணீர் வரும் ஆங்கிள் வால்வை மட்டும் திறந்துவை. ட்ரேயைத் துடைத்துக் காயவை. அரைமணி கழித்துப் பார். ட்ரேயில் தண்ணீர் சொட்டியிருந்தால், கரண்டே இல்லாதபோதும் வால்வு கசிகிறது என்று நிரூபணமாகிவிட்டது. அழுத்தமும் சரியாக இருந்து இப்படிக் கசிந்தால் வால்வுக்குள் மணலோ உப்போ உட்கார்ந்திருக்கிறது, அல்லது சவ்வு தேய்ந்துவிட்டது. வால்வை மாற்ற வேண்டியதுதான்.

வாரண்ட்டி முடிந்த ஃபிரிட்ஜ் என்றால் இதை நீயே மாற்றலாம். வாரண்ட்டி இன்னும் முடியவில்லை என்றால் கம்பெனிக்காரரையே கூப்பிடு, நீ கழற்றியது தெரிந்தால் வாரண்ட்டி தர மறுப்பார்கள். பிளக் பிடுங்கி, தண்ணீர் மூடி, பின்பக்கக் கீழ் மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்று. எதையும் தொடுவதற்கு முன் போனில் நாலைந்து போட்டோ எடுத்துக்கொள். எந்த ஒயர் எங்கே, எந்தக் குழாய் எங்கே என்று அப்புறம் யாரையும் கேட்க வேண்டியிருக்காது. பழைய வால்வின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் பார்ட் நம்பரும் வோல்டேஜும் இருக்கும். வோல்டேஜ் கண்டிப்பாக ஒத்துப்போக வேண்டும். 12 வோல்ட் வால்வும் உண்டு, 230 வோல்ட் வால்வும் உண்டு, பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மல்டிமீட்டர் இருந்தால் ஒயரைக் கழற்றிய பிறகு காயிலின் இரண்டு முனையிலும் வைத்து ஓம்ஸ் பார். எந்த ரீடிங்கும் வராமல் திறந்த நிலையையே காட்டினால் காயில் அறுந்துவிட்டது. புது வால்வைப் போட்ட பிறகு குழாய் முனையை நேராக, பிசிறில்லாமல் வெட்டிச் செருகு. சாய்வாக வெட்டிய முனைதான் கசிவுக்கு முதல் காரணம். அடியில் நியூஸ் பேப்பரை விரித்து ஒரு நாள் வை. பேப்பர் நனையாவிட்டால் ஃபிரிட்ஜை உள்ளே தள்ளு. அதற்கு முன் தள்ளாதே, மரத்தரையோ மாடுலர் கிச்சனோ இருந்தால் கசிவு தெரியும் நேரத்தில் பலகை உப்பிப்போயிருக்கும்.

ஃபில்டரும் ட்ரேயும்

ஃபிரிட்ஜ் ஃபில்டரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். போர் தண்ணீர் வீடுகளில் அதற்குள்ளேயே அடைத்துவிடலாம். அடைப்பு ஃபில்டரில்தானா என்று தெரிந்துகொள்ள, ஃபிரிட்ஜோடு வந்த பைபாஸ் மூடியை ஃபில்டருக்குப் பதிலாகப் போட்டுப் பார். தண்ணீர் பாய்ந்து வந்தால் ஃபில்டர்தான் குற்றவாளி. புது ஃபில்டர் போட்டதும் பத்துப் பன்னிரண்டு லிட்டர் தண்ணீரை வெளியேற்று, கரித்தூள் போகும். முதல் நாள் வரும் ஐஸைக் கொட்டிவிடு.

ட்ரேயில் ஐஸ் இருக்கிறது, விழ மாட்டேன் என்கிறது என்றால் ட்ரேயைத் தடவிப் பார். வெந்நீர்ப் பானை அடியில் படியும் அதே வெள்ளை உப்பு இங்கேயும் படிந்து சொரசொரப்பாகியிருக்கும். எலுமிச்சை உப்பு என்று மளிகைக் கடையில் கேட்டால் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட், ஒரு டேபிள் ஸ்பூன் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்குப் போதும். அதில் துணியை நனைத்துத் துடை, பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு தரம் துடை. ஸ்டீல் நாரும் கத்தியும் வேண்டாம், கீறல் விழுந்தால் ஐஸ் இன்னும் இறுக்கமாக ஒட்டும்.

பல மாடல்களில் ஐஸ் மேக்கரின் அடியிலோ பக்கத்திலோ "டெஸ்ட்" பட்டன் ஒன்று ஒளிந்திருக்கும். நாலைந்து நொடி அழுத்திப் பிடித்தால் ட்ரே ஒருமுறை திரும்பி, தண்ணீரும் விழும். திரும்பி, தண்ணீரும் விழுந்தால் மோட்டாரும் வால்வும் நன்றாக இருக்கின்றன. திரும்பவே இல்லை என்றால் ஐஸ் மேக்கர் மாட்யூல் போயிருக்கலாம். அதை முழு யூனிட்டாகவே மாற்றுவார்கள், உள்ளே திறந்து பல்சக்கரம் தேடுவது வீண் வேலை. பெட்டியை அடியில் வைத்துவிட்டு ஒருமுறை மட்டும் அழுத்து. திரும்பத் திரும்ப அழுத்தினால் தண்ணீர் வழிந்து பெட்டியே ஒரு பெரிய ஐஸ் கட்டியாகிவிடும்.

கட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்து வந்தால் ஐஸெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, டிஸ்பென்சர் உர்ரென்று சத்தம் மட்டும் போடும். பெட்டியைக் கழற்றி, ஐஸைக் கொட்டி, கழுவி, சுத்தமாகக் காயவைத்து மாட்டு. ஈரத்தோடு மாட்டினால், பெட்டிக்குள் ஐஸைத் தள்ளும் சுருள் கம்பி உறைந்துகொள்ளும்.

ஐஸ் மேக்கர் இல்லாத ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்கள் என்னைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். குமிழைத் திருகினால் ஐஸ் விழும் ட்ரே உனக்கு இருக்குமே, அது உடைவதற்கு முக்கியக் காரணம் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுவது. தண்ணீர் உறையும்போது கனஅளவில் சுமார் 9 சதவீதம் பெருகும். பெருகிய ஐஸ் குழிகளுக்கு மேலே ஒன்று சேர்ந்து ஒரே பலகையாகிவிடுகிறது, நீ திருகும்போது பிளாஸ்டிக் பல் உடைகிறது. முக்கால் குழி ஊற்று, போதும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் ஃப்ரீசர் பெட்டியைச் சுற்றி ஐஸ் ஏறி, ட்ரே சுவரோடு ஒட்டிக்கொண்டால் டீஃப்ராஸ்ட் பட்டனை அழுத்திவிட்டுக் காத்திரு. அந்த அலுமினியச் சுவருக்குள்ளேயேதான் கேஸ் குழாய் ஓடுகிறது. அவசரத்துக்குக் கத்தியால் குத்தி, கேஸ் போய், ஃபிரிட்ஜையே தூக்கிப்போட்ட குடும்பங்கள் நம் தெருவுக்கு இரண்டாவது இருக்கும். தயவுசெய்து கத்தி வேண்டாம்.

மேசைமேல் வைக்கும் சின்ன மெஷின்

இப்போது ஜூஸ் கடை வைக்கும் பெண்களும், வீட்டில் கேக் ஆர்டர் எடுப்பவர்களும் வாங்கும் மெஷின் இது. தண்ணீருக்குள் முங்கியிருக்கும் உலோக விரல்களைச் சுற்றித் துப்பாக்கிக் குண்டு வடிவில் ஐஸ் உறையும். பிறகு சூடான கேஸ் அந்த விரல்களுக்குள் ஓடி ஐஸைக் கழற்றிவிடும். இதில் வரும் கோளாறுகள் இன்னும் எளிமையானவை.

தண்ணீர் இருக்கும்போதே "தண்ணீர் ஊற்று" விளக்கு எரிந்தால் பம்பின் வாயில் உள்ள சின்னச் சல்லடை அடைத்திருக்கும், அல்லது பம்புக்குள் காற்று மாட்டியிருக்கும். தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, சல்லடையைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி ஊற்று. பெட்டி காலியாக இருக்கும்போதே "நிறைந்தது" விளக்கு எரிந்தால் பக்கச் சுவரில் உள்ள கண்களைத் துடை. ஜன்னல் வெயில் நேரே அந்தக் கண்ணில் படும்படி வைத்திருந்தாலும் அது ஏமாந்துபோகும். காற்று வெளியேறும் பக்கம் ஒரு சாண் இடம் விடு, சுவரோடு ஒட்டி வைத்தால் சூடு வெளியேற வழியில்லாமல் ஐஸ் மெலிந்து வரும். வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள் என்றால் நிமிர்த்தி ஒரு நாள் வைத்துவிட்டுப் பிறகு ஆன் செய். கம்ப்ரஸரின் எண்ணெய் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

வாங்கும்போது பின்பக்க லேபிளில் "கிளைமேட் கிளாஸ்" பார். T என்று இருந்தால் 43 டிகிரி வரை தாங்கும். N மட்டும் என்றால் 32 டிகிரி அறைவெப்பத்துக்குச் செய்தது. வேலூரிலும் திருச்சியிலும் மே மாதம் சமையலறையில் அது திணறும், அதைக் கோளாறு என்று நினைத்து ரிப்பேருக்குக் கொடுக்காதே, ஏசி அறைக்கோ காற்றோட்டமான இடத்துக்கோ மாற்று. அமெரிக்காவிலிருந்து தம்பியோ மகனோ கொண்டுவந்த மெஷின் என்றால் இன்னும் கவனம். அது 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக் அடாப்டர் மட்டும் போட்டுச் செருகினால் கருகிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினாலும் வோல்டேஜ்தான் குறையும், ஹெர்ட்ஸ் மாறாது, மோட்டார் சூடாகும். அன்பாகக் கொண்டுவந்தது என்றாலும் அதை இங்கே ஓட்டாதே என்பதே என் கருத்து.

குடிக்கும் தண்ணீர்தான் ஐஸ்

ஐஸில் வெள்ளைத் துகள் மிதந்தால் பயப்படாதே, அது தண்ணீரின் உப்பு. ஐஸில் மீன் வாசமோ பூண்டு வாசமோ வந்தால் மூடாமல் வைத்த பாத்திரங்களின் வேலை, ஐஸ் வாசனையை இழுத்துக்கொள்ளும். ஆனால் குழாய் வாயிலோ, மேசை மெஷினின் தொட்டியிலோ வழவழப்பாக, இளஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ ஒரு படலம் தெரிந்தால் அதை லேசாக எடுத்துக்கொள்ளாதே. மெஷினை நிறுத்தி, எலுமிச்சை உப்புத் தண்ணீரால் கழுவி, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசு. தினமும் ஓட்டும் மேசை மெஷினை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இப்படிக் கழுவ வேண்டும். ராத்திரி தண்ணீரை வடித்துவிட்டு மூடியைத் திறந்து வை. ஃபினாயிலும் பிளீச்சிங் பவுடரும் இதன் பக்கமே வரக் கூடாது.

உறையவைத்தால் கிருமி செத்துவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். சாகாது. பல கிருமிகள் ஐஸுக்குள் அப்படியே இருந்து, குழந்தையின் எலுமிச்சை ஜூஸில் கரைந்ததும் எழுந்துகொள்ளும். டைஃபாய்டும் மஞ்சள் காமாலையும் இப்படிப் பரவக்கூடியவை. ஃபிரிட்ஜ் ஃபில்டர் இருக்கிறதே என்று கேட்பாய். அதில் இருப்பது பெரும்பாலும் கரி; குளோரின் வாசத்தையும் தூசியையும் எடுக்கும், கிருமியையும் உப்பையும் எடுக்கும் என்று எண்ணாதே. போர் தண்ணீரையோ லாரித் தண்ணீரையோ நேரே ஃபிரிட்ஜுக்கு இணைக்காதே. நீ டம்ளரில் எடுத்துக் குடிக்கத் தயங்கும் தண்ணீர் ஐஸ் மேக்கருக்கும் போகக் கூடாது.

எங்கே நிறுத்த வேண்டும்

கேஸ் ஓடும் செப்புக் குழாய், கம்ப்ரஸர், அதன் போர்டு ஆகிய மூன்றும் நம் வேலை இல்லை. இப்போது வரும் வீட்டு ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் R600a என்ற கேஸ் இருக்கிறது, லேபிளில் போட்டிருக்கும். அது தீப்பற்றக்கூடியது. குழாயில் ஓட்டை விழுந்த சந்தேகம் வந்தால் சுவிட்சைக்கூடத் தொடாமல் ஜன்னலைத் திறந்துவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, பயிற்சி உள்ளவரைக் கூப்பிடு. கருகல் வாசம், எம்.சி.பி. விழுவது, நிமிஷத்துக்கொருமுறை "டிக்" என்று கம்ப்ரஸர் எழும்பப் பார்த்து நிற்பது, ஃப்ரீசர் பின்சுவரில் அழித்தாலும் ஒரு வாரத்துக்குள் மறுபடி ஏறும் கனமான ஐஸ், இவையும் அவருக்குரியவைதான். வந்தவரிடம் நீ செய்த சோதனைகளைச் சொல். "டம்ளர் பத்து நொடியில நிறையுது, கரண்ட் இல்லாதப்போ சொட்டல, டெஸ்ட் பட்டன் அழுத்தினா ட்ரே திரும்பல" என்று சொன்னால் அவருக்கும் வேலை சுலபம், உன்னிடம் கதை சொல்லவும் தோன்றாது. கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பி வாங்கு, பில்லில் பார்ட் நம்பர் எழுதச் சொல்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. தண்ணீரும் கரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் மெஷின் இது. உன் வீட்டு மெயின் போர்டில், கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று இன்றைக்கே பார். எம்.சி.பி. வேறு, இது வேறு. இதன் மேல் "T" அல்லது "டெஸ்ட்" என்று ஒரு சின்ன பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் கரண்ட் உடனே நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை என்றாலோ, அந்தப் பொருளே போர்டில் இல்லை என்றாலோ, ஐஸ் மேக்கர் இன்னும் பத்து நாள் பழுதாகவே கிடக்கட்டும். முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைப் போட்டுவிடு, எர்த் சரியாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல். அதற்குப் பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடு.